குள்ளம்மாள் ஜெயித்த குடம்

ஊதல் ஊதியதும் மற்றப் பெண்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். குள்ளம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லில்லை, முள்ளில்லை, ஏற்றமில்லை. உள்ளங்கை மாதிரி கிடக்கும் ஏரிக்கரை மைதானத்தில், தலையில் ஒரு குடம் தண்ணீரோடு அந்தக் கோடிப் புளியமரம் வரைக்கும் ஓட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பரிசு ஒரு பித்தளைக் குடம். சீமையில் யாரோ ஒரு ராஜாவுக்குக் கிரீடம் வைக்கிறார்கள் என்று பாப்பிரெட்டிப்பட்டியில் காகிதத் தோரணம் கட்டி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, பெண்களுக்குக் குடப் போட்டி வைத்திருந்தார்கள். ஆண்கள் பார்க்கக் குடியானவன் வீட்டுப் பெண் ஒருத்தியும் ஓட வரமாட்டாள் என்பது, போட்டி வைத்த பிறகுதான் ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு உறைத்தது. சந்தைக்குப் புளியும் கடுக்காயும் சுமந்து வந்திருந்த சித்தேரி மலைப் பெண்களை ஆள் விட்டு அழைத்து வந்து வரிசையில் நிறுத்தினார்கள். மலைக்காரிக்கு மானம் கொஞ்சம் குறைச்சல் என்று கீழ்நாட்டில் ஒரு கணக்கு உண்டு.

பிறந்தபோது இரண்டு கைக்குள் அடங்கும்படி இருந்தாளாம், அதனால் குள்ளம்மாள் என்று பேர் வைத்தார்கள். அப்புறம் அவள் பேரைப் பற்றிக் கவலைப்படாமல் வளர்ந்துவிட்டாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். புளி மூட்டையைத் தூக்கிவிட ஆள் தேட மாட்டாள், தானே முழங்காலில் ஏற்றித் தலைக்குக் கொண்டுபோவாள். சிரித்து முடித்து, நிதானமாகக் குடத்தைச் சரிசெய்துகொண்டு அவள் ஓடத் தொடங்கியபோது மற்றவர்கள் கொஞ்ச தூரம் போயிருந்தார்கள். அவள் புளியமரத்தைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தபோது மற்றவர்கள் பாதி மைதானம்கூடத் தாண்டியிருக்கவில்லை. அவர்கள் முதுகெல்லாம் தண்ணீர். இவள் தோளில் ஒரு சொட்டு இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறியிருந்தால், சாகும்வரை அது அடுப்படியில் மின்னிக்கொண்டு கிடந்திருக்கும். ஆனால் கள்ளுக்கடை திறந்திருந்த காலம் அது. அவள் புருஷன் காளியன் காலையிலேயே அங்கே போய்விட்டு வந்திருந்தான்.

ஆண்களுக்கான ஓட்டத்தில் ஜெயித்த பச்சியப்பன் இன்ஸ்பெக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் துண்டால் மார்பைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவன் தாலுகாக் கச்சேரிச் சேவகன். அந்தச் சுற்று வட்டாரத்தில் ஓட்டமென்றால் பச்சியப்பன்தான், கேள்வி கிடையாது. இன்ஸ்பெக்டர் விளையாட்டாக அவனைப் பார்த்தார்.

"என்ன பச்சியப்பா, இந்தப் பொண்ணோட ஓடிப் பாக்கறியா?"

"பொம்பளையோட ஓடறதுக்கு எனக்கென்னங்க, கிறுக்கா புடிச்சிருக்குது?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் காளியன் முன்னால் வந்து நின்றான். "பயந்துக்கிட்டானுங்க சாமி. எம் பொண்டாட்டி ஓடுனா உங்க சேவகரு மண்ணத்தான் திங்கணும்."

குள்ளம்மாள் அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் மாமா. கொடம் ஜெயிச்சாச்சில்ல, வாங்கிக்கிட்டுப் போலாம் வா."

"நான் சொல்றேன்ல. ஓடு புள்ள."

ஓடினாள். அவளுக்கு ஓட விருப்பமில்லை என்பது உண்மை. ஓடத் தொடங்கிய பிறகு வேறெதற்கும் விருப்பமில்லை என்பதும் உண்மை. நினைவு தெரிந்த நாளாகத் தலையில் சுமையில்லாமல் அவள் நடந்ததே குறைவு. விறகு, தண்ணீர், புளி, தழைக்கட்டு என்று எதையாவது சுமந்தே பழகிய கழுத்து. இப்போது கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை, வெறும் காற்று. கால் தானாக எடுத்து வைத்தது. பச்சியப்பனின் மூச்சு முதலில் பக்கத்தில் கேட்டது, பிறகு பின்னால் கேட்டது, பிறகு கேட்கவே இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் குள்ளம்மாள் யாருக்கும் மனைவியில்லை, யாருக்கும் மருமகளில்லை. சந்தோஷமாக இருந்தாள். இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் அவள் அப்படி இருக்கவேயில்லை.

மரத்தைத் தொட்டுத் திரும்பினால் மைதானத்தில் சத்தமில்லை. பச்சியப்பன் இடுப்பில் கை வைத்து இரைத்துக்கொண்டு நின்றான். அத்தனை பேர் முகமும் அவனையே பார்த்தன. அவனும்தான் என்ன செய்வான்? பெண்ணிடம் தோற்றவன் என்ற பேரோடு நாளைக்குக் கச்சேரி வாசலில் நிற்க முடியுமா? சட்டென்று கையை நீட்டிக் கத்தினான்.

"இது பொம்பளையாங்க? பொடவ கட்டுன ஆம்பளங்க இது! தோளப் பாருங்க, மாரப் பாருங்க. எந்த ஊர்லங்க பொம்பள இப்படி ஓடுவா?"

கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. அடைத்திருந்த மடை திறந்தாற்போல எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பரிசுக் குடத்தைக் கையில் எடுத்திருந்தவர், யோசித்து, மறுபடி நாற்காலிக்கு அடியில் வைத்தார். அவர் கெட்ட மனிதரில்லை, சட்டம் பார்க்கிறவர். "பொம்பளைங்களுக்குன்னு வச்ச போட்டி இது. உங்க ஊர்க்கவுண்டரு வந்து இவ பொம்பளதான்னு சொல்லட்டும். குடம் எங்கியும் போயிடாது" என்றார்.

"ஏம்பா மலைக்காரா, நீ பாத்துத்தான் கட்டுனியா?" என்று ஒருவன் கூட்டத்திலிருந்து காளியனைக் கேட்டான். இன்னொருவன், "ஊட்ல யாரு பொண்டாட்டி, நீயா அதுவா?" என்றான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மார் தட்டிய காளியன் ஒரு வார்த்தை பேசவில்லை. "என் பொண்டாட்டி, எனக்குத் தெரியும்" என்று அவன் சொல்லியிருந்தால் போதும். அவன் தரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது தெரிந்தது. குள்ளம்மாளுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

மலை ஏறும்போது அவன் முன்னால் போனான். வழக்கமாக அவள்தான் முன்னால் போய், வளைவுகளில் நின்று அவன் வரும்வரை காத்திருப்பாள். அன்றைக்கு அவன் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மூச்சு வாங்குவது போலக்கூடப் பாசாங்கு செய்துகொண்டு பின்னால் வந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சாமைக் கொல்லையில் பன்றிக் காவலுக்குப் போட்ட பரணிலேயே படுக்கப் போய்விட்டான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சந்தைக்குப் போன பெண்கள் சேதியை இவர்கள் வருவதற்கு முன்னாலேயே மலைக்குக் கொண்டு சேர்த்திருந்தார்கள். சேதி மட்டும் தனியாக வந்திருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். அதற்குத் துணைக்கு வேறொன்று இருந்தது. சித்தேரிப் பக்கத்து அந்த ஊரில் தீட்டான பெண்கள் வீட்டில் இருக்கக் கூடாது. ஊருக்கு வெளியே, வரிசையாகக் கல் நட்டு எல்லை போட்ட இடத்தில், ஒரு குடிசை உண்டு. தீட்டு முடியும்வரை அங்கேதான் இருக்க வேண்டும். ஆகவே யார் எப்போது தீட்டானாள், யார் ஆகவில்லை, யார் வயிற்றில் பிள்ளை என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். ஒளிக்க வழியில்லை. குள்ளம்மாள் அந்தக் குடிசைக்குப் போனது குறைவு. வயசுக்கு வந்ததே தாமதம். வந்த பிறகும் கார்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என்று வருமே தவிர மாதாமாதம் வராது. மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கி, பாதி வயிற்றுக்குக் கூழ் குடிக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளையுமில்லை. ஓட்டம் ஒன்று, குடிசை ஒன்று, பிள்ளை ஒன்று என்று மூன்றையும் முடிச்சுப் போட்டார்கள். முடிச்சு நன்றாகவே இறுகியது.

ஊற்றில் தண்ணீர் மொள்ளப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் போனால் அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கோயில் பொங்கலுக்கு அடுப்பு மூட்டப் போனவளை, "நீ எந்தப் பக்கம் நிக்கப் போற?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவள் அவளோடு சேர்ந்து சுள்ளி பொறுக்கியவள்தான்.

மலையூருக்கு நாட்டாமையான ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி கடைசியில் மருத்துவச்சி கருப்பியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த மலையில் பாதி ஜனம் கருப்பியின் கையில் பிறந்ததுதான். வீட்டுக்குள் குள்ளம்மாளைப் படுக்க வைத்து அவள் பார்த்தாள். குள்ளம்மாள் கண்ணை மூடவில்லை, கூரையில் தொங்கிய சோளக் கதிர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஊர் நின்றது. புருஷனும் அதில் நின்றான்.

கருப்பி வெளியே வந்து, "எனக்கு இருக்கறதுதான் அவளுக்கும் இருக்குது. போயி பொழப்பப் பாருங்க" என்றாள்.

எங்கேயாவது இதோடு முடியுமா? வெளியே ஒன்று இருக்கலாம், உள்ளே வேறு இருக்கலாம் என்றான் ஒருவன். கருப்பிக்கு அவள்மேல் எப்போதும் ஒரு பரிவு உண்டே என்றாள் ஒருத்தி. தீர்த்தகிரி நெடுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஆடி நோம்பிக்குள்ள அவ தீட்டாயி குடிசைக்குப் போனா பொம்பள. நானே கீழ போயி குடத்த வாங்கியாறேன். போகலைன்னா காளியன் வேற பொண்ணு பாத்துக்கட்டும். இவ ஊருக்குள்ள இருக்கறது நல்லதில்ல."

வைகாசி போயிற்று. ஆனி பிறந்தது. குள்ளம்மாள் தன் உடம்பையே காவல் காத்துக்கொண்டு கிடந்தாள். எழுந்தவுடன் புடவையைப் பார்ப்பாள். கறை இருக்காது. அடிவயிறு கொஞ்சம் இழுத்தால் போதும், கையெடுத்துக் கும்பிடுவாள். வேகமாக நடப்பதை விட்டுவிட்டாள். மற்றப் பெண்கள் எப்படி அடி எடுத்து வைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அதே போல நடந்தாள். மூட்டை தூக்க ஆளைக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. சாமை கொதிக்கும் வாசனை குடலைப் புரட்டி, ஒருநாள் அடுப்படியிலிருந்து ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தாள். பயம்தான் வயிற்றைக் கலக்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். மாமியார் ராமக்காளும் அப்படித்தான் நினைத்தாள். நாலு வருஷம் திறக்காத வயிறு, புருஷன் பரணில் படுக்கும்போதா திறக்கப் போகிறது? முடிசூட்டு விழாவுக்கு முன்னாலும் ராத்திரிகள் இருந்தன என்பது அந்த வீட்டில் ஒருவர் நினைவிலும் இல்லை. ஊரே சேர்ந்து அவள் பெண்ணில்லை என்று சொல்லிச் சொல்லி, அவளே பாதி நம்பியிருந்தாள்.

ராமக்காளைக் குற்றம் சொல்வது சுலபம். அவள் மருமகளைத் திட்டினாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அனுப்பிவிட மனசில்லை. இந்த உயரமும் தோளும் உள்ள மருமகள் வந்த பிறகுதான் அந்த வீட்டுக் கொல்லை காடாகாமல் இருந்தது. ஆனி கடைசியில் அவள் மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுத்தாள். பிறகு கருஞ்சீரகம் காய்ச்சிக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நோம்பித் திருவிழாவுக்கு ஊர் வெள்ளையடிக்க ஆரம்பித்தபோது, ஒரு நாள் காட்டுக்குள் போய் மடியில் ஏதோ வேரைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதன் பேரைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, நாமும் சொல்ல வேண்டாம்.

"நின்னுபோன தீட்ட இது எறக்கிடும். கசக்கும். மூச்சப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சிரு புள்ள."

"ஒண்ணும் ஆவாதுல்ல அத்த?"

"என்னா ஆவும்? ஆவறதுக்கு உள்ள என்னா இருக்குது?"

குடித்தாள். அன்று முழுக்க ஒன்றுமில்லை. மறுநாள் களை எடுத்துக்கொண்டிருந்தபோது இடுப்பை யாரோ இரண்டு கையாலும் பிடித்து முறுக்கியது போலிருந்தது. தொடையில் சூடாக இறங்கியது. கை வைத்துப் பார்த்தாள். சிவப்பு. குள்ளம்மாள் அந்த வலியோடு வாய்விட்டுச் சிரித்தாள். அத்தையைக் கூப்பிட்டாள், காட்டினாள். ராமக்காள் அழுதேவிட்டாள். குறுக்கு வழியாகக் குடிசைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நடுத்தெரு வழியாக, ஒவ்வொரு வாசலும் பார்க்க, கறைபட்ட புடவையை மறைக்காமல் நடந்து போனாள். வேறெந்தப் பெண்ணும் அப்படி நடந்திருந்தால் வெட்கம் கெட்டவள் என்பார்கள். அன்றைக்கு அவளுக்கு அதுதான் மானம். வயசுக்கு வந்த பெண்ணுக்கு இடுவது போல ராமக்காள் பின்னால் நின்று குலவை இட்டாள். கொஞ்சம் தயங்கி இன்னொருத்தி இட்டாள். அப்புறம் தெருவே இட்டது.

குடிசைக்குள் போய்ப் படுத்தபோதுதான் வலி வேறு மாதிரி என்று தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த தீட்டு வலி இதுவல்ல. துணி நனைந்தது, பாய் நனைந்தது, மண் நனைந்தது. சாப்பாடு வைக்க வந்தவள் எல்லைக் கல்லிலிருந்து முனகல் கேட்டுக் கருப்பியைக் கூட்டி வந்தாள். மருத்துவச்சி மட்டும்தான் அந்தக் கல்லைத் தாண்டலாம்.

கருப்பி உள்ளே வந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் வேலை செய்தாள். கடைசியில் கையளவு எதையோ தேக்கிலையில் எடுத்து மடித்தாள்.

"என்னாக்கா அது?" என்று கேட்டாள் குள்ளம்மாள்.

கருப்பி இலையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"காட்டுக்கா."

"என்னாத்தக் குடிச்ச?"

குள்ளம்மாள் சொன்னாள். சொல்லச் சொல்லவே அவளுக்கு விளங்கிவிட்டது. சாமை வாசனை, வேலியோரத்து வாந்தி, வராத தீட்டு எல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. அவள் பெண் என்பதற்கு இந்த உலகத்தில் யாரும் மறுக்க முடியாத சாட்சி இத்தனை நாளும் அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. பேசாமல் இருந்திருந்தால் போதும். புரட்டாசியில் அதுவே வெளியே தெரிந்திருக்கும். அவள் அழவில்லை. அழுவதற்கு முதலில் நம்ப வேண்டுமே.

"ஊருக்கு என்னான்னு சொல்லட்டும்?" என்று கேட்டாள் கருப்பி. "புள்ள தங்குச்சுன்னு சொன்னா உன்னய இனிமே ஒருத்தன் ஒரு சொல்லு சொல்ல முடியாது. ஆனா எப்படிக் கலைஞ்சதுன்னு கேப்பானுங்க."

குள்ளம்மாள் கூரையைப் பார்த்தாள். வேரை இடித்த கையை நினைத்தாள். குலவை இட்ட வாயை நினைத்தாள். பேரப்பிள்ளையைக் கலைத்த வேரைத் தானே இடித்துக் கொடுத்தோம் என்று தெரிந்தால் அந்தக் கிழவி உயிரோடிருப்பாளா?

"தீட்டுன்னே சொல்லிருக்கா."

கருப்பி இலையை மடியில் வைத்து, மேலே முந்தானையைப் போட்டு மறைத்துக்கொண்டு வெளியே போனாள். "என்னா கருப்பி, நெசந்தானா?" என்று கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கேட்பதும், "நெசந்தான். நெறையவே ஆயிருக்குது" என்று அவள் சொல்வதும் கேட்டது.

தீர்த்தகிரி சொன்ன சொல் தவறாதவர். காளியனையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, இன்ஸ்பெக்டரிடம் சாட்சி சொல்லிவிட்டு, ஆடி நோம்பிக்கு முன்னாலேயே குடத்தோடு திரும்பினார். காளியன் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்குள் வந்தானாம். வெயிலில் அது பளபளத்ததைப் பார்த்துப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்களாம். குடிசைக்குள் இருந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

அவளுக்கு ரத்தம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. குடிசை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காளியன் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். மைதானத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். சிரித்தான்.

"ஏ புள்ள, கொடம் வந்துருச்சி பாரு! கவுண்டரு அடிச்சிச் சொல்லிட்டாரு, அவ பொம்பளதான்னு. பச்சியப்பன் மூஞ்சியப் பாக்கணுமே நீ!"

அவள் குடத்தைத்தான் பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொன்னாரு. இனிமேலு நீ ஓடக் கூடாதாம். சந்தைக்குப் போறப்பவும் மத்த பொம்பளைங்களோட சேந்துதான் போவணுமாம். பொம்பளைன்னு ஆயிருச்சில்ல, இனி பொம்பளையா இருக்கணும்ல? நானும் சரின்னுட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் பரணுக்குப் போவல இனிமே. ஆத்தா சொல்லுது, தீட்டு வந்துருச்சி, இனி அடுத்தது பேரன்தான்னு."

குடத்தைக் கல்லுக்கு இந்தப் பக்கமாக நீட்டி வைத்தான். தீட்டுக் கழியும்வரை அவள் தொடக் கூடாது, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று வைத்தான் போலிருக்கிறது. அது சரிவான இடம். அவனுக்கு இதெல்லாம் ஒருபோதும் தெரியாது. எதை எங்கே வைத்தால் நிற்கும் என்பது சுமப்பவளுக்குத்தான் தெரியும்.

அவன் திரும்பி நாலடி போனதும், மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்குட்டி ஒன்று குடத்தின் பக்கம் வந்தது. பளபளப்பில் தன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஒருமுறை முகர்ந்தது. பின்னால் நகர்ந்து வந்து ஒரு முட்டு முட்டியது. குடம் சாய்ந்தது, ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டது, பிறகு சரிவில் உருள ஆரம்பித்தது.

குள்ளம்மாளுக்கு அந்தச் சரிவின் ஒவ்வொரு கல்லும் தெரியும். முதலில் மெதுவாகத்தான் உருளும், பலாமரத்து வளைவில்தான் வேகம் பிடிக்கும். இப்போது எழுந்து ஓடினால் வளைவுக்கு முன்னால் பிடித்துவிடலாம். சந்தேகமே இல்லை. அவள் காலும் அதை அறிந்திருந்தது. முட்டியில் ஒரு துடிப்பு வந்து நின்றது.

"கொடம் போவுது, கொடம் போவுது!" என்று கத்திக்கொண்டு காளியன் பின்னால் ஓடினான். சறுக்கினான், எழுந்தான், மறுபடி சறுக்கினான். குடம் வளைவைத் தாண்டிப் பாறையில் மோதியது. அந்தச் சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அடுத்த பாறை, அதற்கடுத்த பாறை என்று கீழே போகப் போகச் சத்தம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. குள்ளம்மாள் இரண்டு காலையும் மடக்கி உள்ளே இழுத்து, புடவையால் பாதம் வரை மூடிக்கொண்டு, கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.